பல் பிடிக்கும் இடம்

குன்னூரில் கை நடுங்கினால்
யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.
பகல் பதினொன்று வரை இங்கே எல்லோருக்கும் நடுங்கும்.
ரெஜினா இன்னொரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள்.
அதற்குள்ளும் நடுங்கியது, இடக்கை மட்டும்.
குளிருக்கு இடம் வலம் தெரியுமா என்று
நானாவது யோசித்திருக்கலாம்.

முதலில் போனது கை இல்லை, மூக்கு.
இறக்கத்தில் என் பெட்டியின் பிரேக் கட்டை தீய்ந்து புகைய,
பின்பெட்டி சிவநேசன் கத்தினான்:
"அருளப்பா, உனக்கு ஜலதோஷமாடா?"
பத்தொன்பது வருஷம்
அந்த வாசனையை வைத்துத்தான்
எவ்வளவு திருகுவதென்று கணக்குப் பார்த்தவன்.
அன்று ஒன்றும் வரவில்லை.
ஈர மண்ணும் வரவில்லை, தைல மரமும் வரவில்லை.

பிறகு குரல். மூடுபனியில் நான் போட்ட சத்தம்
அடுத்த பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை.
பிறகு கையெழுத்து. ட்யூட்டி புத்தகத்தில்
'அ'வில் கிளம்பி 'ன்' வருவதற்குள்
எறும்பாகிவிடும் என் பெயர்.

ஆனால் கொடியை உயர்த்தினால் கை நின்றுவிடும், கல் மாதிரி.
சுருட்டி மடியில் வைத்தால்தான் ஆடும்.
அதனால் இரண்டு வருஷம் பிடிபடவில்லை.

கோயம்புத்தூரில் டாக்டர் ஷமீமா
ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்.
அங்கே குளிர் இல்லை,
சொல்ல எனக்கு வேறு காரணமும் இல்லை.
கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னார்,
அகலமாக, வேகமாக.
பத்தாவது தட்டில் இரண்டுக்கும் நடுவே
ஓர் அரிசிக்குக்கூட இடமில்லை.
வராந்தாவில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தார்.
ரத்தம் எடுக்கவில்லை.
மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கினார்.
வழுக்கி வரவில்லை கை;
டக், டக், டக் என்று விட்டுவிட்டு வந்தது.
"இதைப் பல்சக்கர இறுக்கம்னு சொல்வோம்."

நான் சிரித்தேன்.
முகத்துக்கு அது வந்து சேரவில்லை போல,
அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கல்லாரிலிருந்து குன்னூர் வரை
தண்டவாளத்துக்கு நடுவே இரும்புப் பல்.
எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம்.
பல்லோடு பல் பிடிக்காவிட்டால்
வந்த வழியே உருண்டுவிடும் வண்டி.
அதைப் போய் இந்த அம்மா
என் மணிக்கட்டில் கண்டுபிடித்திருக்கிறார்.

ஹில்குரோவ், ரன்னிமேடு, பார்க்கின்சன்.
ஏதோ துரையின் எஸ்டேட் என்றுதான்
ரெஜினா முதலில் நினைத்தாளாம்.

அரை மாத்திரையில் ஆரம்பம்.
சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்,
பருப்போடும் முட்டையோடும் போனால் சரியாக ஏறாது.
"இது குணமாக்காது. ஓட வைக்கும்.
மாத்திரைக்கு உடம்பு என்ன பதில் சொல்லுதுன்னு பார்ப்போம்."
முதல் வாரம் சொன்ன பதில் குமட்டல்.
நாலாம் வாரம் ஒரு காலையில்
சட்டைப் பொத்தான் ஐந்தையும் போட்டிருந்தேன்,
போட்ட பிறகுதான் கவனித்தேன்.
மூன்றரை மணி நேரம் தாங்கும்.
அப்புறம் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி
நின்று, விழுங்கி, காத்திருந்து, கிளம்ப வேண்டும்.

வீட்டுக்கு எழுபத்திரண்டு படி.
நிற்காமல் ஏறிவிடுவேன்.
வாசலில், சமதளத்தில், ஒட்டிக்கொள்ளும் கால்.
டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.
கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி வந்து
வாசலிலிருந்து கட்டில் வரை
அடிக்கொன்றாகக் குறுக்கே ஒட்டினாள் ரெஜினா.
ஸ்லீப்பர் கட்டைகள்.
தாண்டச் சொன்னால் தாண்டுகிறது.
நடக்கச் சொன்னால்தான் யோசிக்கிறது.

மெடிக்கல் போர்டு என்னைப் பெட்டியிலிருந்து இறக்கியது.
நியாயம்தான், ஜனங்கள் உட்கார்ந்த வண்டி.
இப்போது ஷெட்டில் கொடி, விளக்குக் கணக்கு.
கோடு போட்ட தாளில்
பெரிதாகக் கையெழுத்துப் போடப் பழகுகிறேன்.

காட்டேரிப் பக்கம் விசில் கேட்டதும்
மடியில் இடக்கை தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும்.
ஷெட்டில் யாரும் இல்லையென்றால்
ஒரு கொடியைப் பிரித்து உயர்த்துகிறேன்,
பச்சைதானா என்று பார்த்துவிட்டுத்தான்.
நிற்கிறது.
தோள் வலிக்கும் வரை.